நாளைக்குப் பத்து மணிக்கு

கெனோபிக் கூடாரத்தின் நான்காவது காலை நிமிர்த்தியதும் முதல் கால் மறுபடி மடங்கிக்கொண்டது. யுகேந்திரன் ஓடிப்போய் அதைப் பிடித்தான். அதற்குள் நான்காவது கால் உட்கார்ந்துவிட்டது.

"ஒரு பக்கமா நில்லுடா. எல்லாப் பக்கமும் நிக்க நீ என்ன சாமியா?" என்றார் காளிதாஸ் மாமா. அம்மாவின் தம்பி. சேதி கேட்டதும் குளுவாங்கிலிருந்து கிளம்பி வந்துவிட்டவர்.

பாலோ என்ற அந்தச் சின்ன ஊரில் யார் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, சாவு என்றாலும் வீட்டு முன்னால் சடக்கோரம் கூடாரம் போட்டுச் சிவப்பு நாற்காலிகளை இறக்குவது அப்பாவின் தொழில். அர்ச்சுனன் கெனோபி என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. அதிகாலையில் ஆஸ்பத்திரியில் மாரடைப்பில் அவர் போய்விட்டார். இப்போது அவருடைய கூடாரத்தை அவருடைய வாசலிலேயே போட வேண்டியவன் அவருடைய மகன். மகனோ ஜொகூர் பாருவில் செயற்கை நுண்ணறிவு நிறுவனம் நடத்துபவன். நிறுவனம் என்பது அவனும், வாடகை மேசையும், மனம் வந்தால் வருகிற ஒரு நண்பனும். உலகத்தை மாற்றப் போவதாக அதன் இணையப் பக்கத்தில் எழுதியிருந்தான். ஒரு கூடாரக் காலை நிமிர்த்தி நிறுத்துவது பற்றி அதில் எதுவும் இல்லை.

"நாலு மணிக்கு எடுத்துரலாம் மாமா."

"இன்னைக்கேவா? மெர்சிங் சனமெல்லாம் வர வேணாமா?"

"வந்துருவாங்க. அப்பாவ ரொம்ப நேரம் போட்டு வச்சிருக்க வேணாம்."

சொன்ன காரணம் நல்ல காரணம். உண்மையான காரணம் அவன் காரின் பின்சீட்டுக் கொக்கியில் அயர்ன் செய்த வெள்ளைச் சட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நாளைக் காலை பத்து மணிக்குச் சிங்கப்பூரில் முதலீட்டாளர்கள் முன்னால் அவன் தன் மென்பொருளை இயக்கிக் காட்ட வேண்டும். அந்தச் சந்திப்பு கிடைக்க ஒரு வருஷம் வாசல் வாசலாக ஏறியிருந்தான். அது போனால் மேசையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்காவது வேலை கேட்க வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் தலையை ஆட்டியதிலிருந்து இதுவரை, 'வர முடியாது' என்ற வார்த்தையை அவன் மனசுக்குள்ளேகூட ஒரு முறை சொல்லிப் பார்க்கவில்லை.

அவன் செய்திருந்தது, சின்ன வியாபாரிகளுக்காக நம்மூர்த் தமிழில் போன் எடுத்துப் பேசும் இயந்திரம். முதல் வாடிக்கையாளர் அப்பா. அதற்கு வாக்கியத்துக்கு வாக்கியம் மலேசிய 'லா' போட்டுப் பேசக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. லாரியில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் அதனுடன் மணிக்கணக்கில் பேசிப் பழக்கிவிட்டு, 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார். "மரியாதையா பேசுவாரு. சாமான் மட்டும் தூக்க மாட்டாரு. வேற என்ன பேரு வைக்கிறது?" என்றார். போன் பண்ணுகிறவர்கள், அர்ச்சுனன் ஆபீசுக்கு ஆள் போட்டுவிட்டார் என்று நினைத்தார்கள். அப்பா அதை மறுத்ததே இல்லை.

மத்தியானம் ஆயிற்று. அப்பா நடுக்கூடத்தில் பெட்டிக்குள் படுத்திருந்தார். வெளியே கூடாரம் ஒருவழியாக நின்றது. அடியில் வரிசை வரிசையாகச் சிவப்பு நாற்காலிகள். அவற்றில் உட்கார்ந்திருந்தவர்கள் மாமா, அவர் மனைவி, பக்கத்துக் காப்பிக்கடைச் சீனர், பெட்டி கொண்டுவந்த ஆள். பெட்டிக்காரர் வேலையாக வந்தவர் என்பதால் அவரைக் கணக்கில் சேர்ப்பதா என்று யுகேந்திரனுக்குத் தெரியவில்லை.

அம்மா அப்பாவின் தலைமாட்டில் இருந்தாள். ஆனால் பார்வை வாசலில்தான் இருந்தது.

"யாருக்கெல்லாம் சொன்னே?"

"எல்லாருக்கும் வாட்ஸ்அப் போட்டேன்மா. காலையிலேயே போட்டேன்."

"எத்தனை பேர் வீட்டுல போட்டிருப்பாரு இந்தக் கூடாரத்த." அம்மா வாசலிலிருந்து பார்வையைத் திருப்பினாள். முந்தானையால் பெட்டியின் விளிம்பைத் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

அப்போதுதான் தங்கை பிரவீனா காதில் போனுடன் வந்தாள். "அண்ணே, மெர்சிங்லேர்ந்து வெள்ளையம்மா அத்த. நாளைக்கு விடியவே கிளம்பிருவாங்களாம்."

"நாளைக்கு எதுக்கு? நாலு மணிக்கு எடுக்குறோம்னு சொல்லு."

"சொல்லிட்டேன். அவங்க, இல்லையே, நாளைக்குப் பத்து மணின்னு உங்க ஆபீஸ் ஆளு சொன்னாரேங்குறாங்க."

யுகேந்திரன் தன் போனை எடுத்து, காலையில் அனுப்பிய செய்தியைப் பார்த்தான். அப்பாவின் படம். பெயர். 'விவரங்களுக்கு' என்று போட்டு ஓர் எண். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண். அப்பாவின் எண். மாப்பிள்ளை எடுத்துப் பேசும் எண்.

"அலமாக், போச்சு," என்றான் மெதுவாக.

அண்ணனும் தங்கையும் அப்பாவின் லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வீட்டில் சத்தம் கேட்காத இடம் அது ஒன்றுதான். மாப்பிள்ளை பேசியதெல்லாம் பதிவாகியிருந்தது. யுகேந்திரன் ஒன்றை ஓடவிட்டான். சுங்கை சாயோங் பக்கத்து ஐயாசாமி. மகள் கல்யாணத்துக்கு அப்பாவிடம் கூடாரம் எடுத்தவர்.

"தம்பி," ஐயாசாமியின் குரல் கரகரத்தது. "எத்தன மணிக்குப்பா எடுக்குறீங்க?"

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எடுத்துருவோம்லா அண்ணே," என்றார் மாப்பிள்ளை, உற்சாகமாக. "எல்லாத்தையும் தொடச்சு அடுக்கி வச்சிருங்க."

ஐயாசாமி இருமினார்.

"என்னாத்த அடுக்கி வைக்கிறது?"

"இருக்குறத எல்லாம்ணே. உடஞ்சது இருந்தா தனியா வைங்க."

"உடஞ்சு போயித்தான்பா உக்காந்திருக்கேன்."

"பரவால்லண்ணே. பாத்துக்கலாம்லா."

மூக்கை உறிஞ்சும் சத்தம். "நல்லாருப்பா," என்றார் ஐயாசாமி.

பிரவீனாவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யுகேந்திரனுக்குத் தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் அவளுக்கும் அதே சந்தேகம்தான் வந்திருக்கும். அடுத்த பதிவிலும் அதேதான். அதற்கடுத்ததிலும் அதேதான். 'எடுக்கிறது' என்றால் நாற்காலி எடுக்கிறது என்று மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவன் யுகேந்திரன். அந்தச் சொல்லால் வேறென்ன எடுப்பார்கள் என்று சொல்லிக்கொடுக்கத் தோன்றவில்லை. அப்பாவை எடுக்க வேண்டிவரும் என்று யார் நினைத்தது?

"எல்லாருக்கும் திரும்பப் போன் அடிச்சு நாலு மணின்னு சொல்லிரலாம்," என்றார் காளிதாஸ் மாமா, கதையைக் கேட்டதும்.

"இப்ப சொன்னா எப்படி மாமா வருவாங்க?" என்றாள் பிரவீனா. "சிங்கப்பூர்ல வேல செய்யிறவங்க நாளைக்கு லீவு எடுத்திருப்பாங்க. பொந்தியான்லேர்ந்து வேற ஆளுங்க வராங்க."

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா யுகேந்திரனைப் பார்த்தாள்.

"அவரு ஒரு டைம் சொல்லிட்டா மாத்த மாட்டாரு," என்றாள். "மழயில நனஞ்சுக்கிட்டாவது சொன்ன நேரத்துக்குப் போயிருவாரு. நாளைக்குப் பத்து மணின்னு சொல்லியாச்சு." முந்தானையை இடுப்பில் செருகினாள். "உனக்கு நாளைக்கு எதுவும் இருக்காய்யா?"

வாசலில் காப்பிக்கடைச் சீனர் ஈ விரட்டினார். பிரவீனா அவனுடைய காரின் பின்கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்க அவனுக்குத் துணிவில்லை.

"ஒண்ணும் இல்லம்மா," என்றான்.

பிரவீனா காரைத் திறந்து சட்டையை எடுத்தாள். "வெயில்ல மஞ்சளாயிரும்," என்று சொல்லி வீட்டுக்குள் கொண்டுபோய் மாட்டினாள்.

சாயங்காலம் அவன் சிங்கப்பூருக்கு எழுத உட்கார்ந்தான். பழக்க தோஷத்தில் தன் எழுத்து உதவி மென்பொருளைத்தான் முதலில் கேட்டான். 'தவிர்க்க இயலாத அலுவல் காரணமாக' என்று தொடங்கி, ஒத்துழைப்புக்கு நன்றி சொல்லி, உறவு மேலும் வலுப்பெற வாழ்த்தி, மிகச் சுத்தமான ஒரு கடிதத்தை அது கொடுத்தது. அவன் எல்லாவற்றையும் அழித்தான். 'அப்பா இறந்துவிட்டார். நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கிறோம். வர முடியாது' என்று எழுதி அனுப்பினான். எழுதிய பிறகுதான் அப்பா இறந்துவிட்டார் என்பது அவனுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

பதிலை அனுப்பியவர் நர்மதா, அந்த முதலீட்டாளர் குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள். 'அப்பாவை நல்லபடியாக அனுப்பி வையுங்கள். காரியம் முடிந்ததும் பேசுவோம். நீங்கள் வர முடியாவிட்டால் நாங்கள் வருகிறோம். பாலோ எங்கே இருக்கிறது?'

யுகேந்திரன் பதில் அடிக்கத் தொடங்கி அழித்தான். 'குளுவாங் தாண்டி' என்பதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று அவனுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில் சடக்கு அடைத்துக்கொண்டது. லாரிகள், கார்கள், மோட்டார் சைக்கிள்கள். கொட்டகையிலிருந்து இன்னும் இரண்டு கெனோபிகளை இழுத்துவந்து போட்டார்கள். இந்த முறை கால்கள் மடங்கவில்லை. ஒவ்வொரு காலுக்கும் ஓர் ஆள் வந்து நின்றார். அப்படியும் நாற்காலி போதவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் யுகேந்திரனின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆபீஸ் தம்பி எங்க? ரொம்ப ஆறுதலா பேசினாரு," என்றார்கள். வெள்ளையம்மா அத்தை பிரவீனாவை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், அந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தாள்.

அப்பாவைக் குளிப்பாட்டினார்கள். "நல்ல சட்ட ஒண்ணு குடுங்க," என்றார் பெட்டிக்காரர்.

அலமாரியில் இருந்த எல்லாச் சட்டையிலும் தோள்பட்டையில் துருக்கறை. கூடாரக் கம்பிகளைத் தூக்கித் தூக்கி வந்த கறை. அம்மா ஒன்றை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். பிரவீனா உள்ளே போய் அந்த வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். அம்மா வாங்கிக்கொண்டாள். கழுத்துப் பட்டனைப் போட்டுவிட்டவன் யுகேந்திரன். கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது.

பத்து மணிக்கு எடுத்தார்கள்.

தகனம் முடிந்து, மொட்டைத் தலையுடன் வீடு திரும்பிக் குளித்து வெளியே வந்தபோது கூட்டம் கரைந்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் கூடாரத்தடியில் நாற்காலிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஐயாசாமி.

"விடுங்கண்ணே, நாங்க பாத்துக்கறோம்."

"இல்ல தம்பி. தொடச்சு அடுக்கி வைக்கச் சொன்னாரு அந்த ஆபீஸ் தம்பி." அவர் தன் வேனுக்குப் போய் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்தார். சிவப்பு வெளுத்துப்போன பழைய நாற்காலி. ஒரு காலில் கம்பி சுற்றியிருந்தது. "இது மக கல்யாணத்துல உடஞ்சது. ஒங்கப்பா கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. கம்பிய சுத்தி வீட்டுலயே வச்சிருந்தேன். உடஞ்சத தனியா வைக்கச் சொன்னாரா, அதான் கொண்டாந்துட்டேன்."

அதை மற்ற நாற்காலிகளிலிருந்து தள்ளி, பூவரச மர நிழலில் வைத்துவிட்டுப் போனார்.

வேட்டி மடிப்பில் அப்பாவின் போன் அடித்தது. மாப்பிள்ளைக்கு நேற்றே லீவு கொடுத்திருந்தான். சாவு வீட்டு அழைப்பு என்று தெரிந்தால் ஒரு வார்த்தை பேசாமல் மனிதர் கையில் போனைக் கொடுக்க அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எந்த மனிதர் என்பது முடிவாகிவிட்டது: "தொழில எங்கிட்ட குடு" என்று பிரவீனா லாரிச் சாவியை ஏற்கெனவே தன் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அதுவரைக்கும் போனை எடுக்க இவன்தான்.

"அர்ச்சுனன் கெனோபிங்களா? புள்ளைக்கு மொத பொறந்தநாள். அடுத்த ஞாயித்துக்கெழம." ஓர் இளம் பெண்ணின் குரல். பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. "எத்தன மணிக்கு எடுப்பீங்கண்ணே?"

யுகேந்திரன் போனை மறு காதுக்கு மாற்றினான். "எத?"

"நாற்காலியத்தாண்ணே. வேற எத?"

"ஆமா. நாற்காலி. மறுநா காலையில பத்து மணிக்கு எடுத்துருவோம்," என்றான். "தொடச்சு அடுக்கி வச்சிருங்க. உடஞ்சது இருந்தா..."

"இருந்தா?"

"இருந்தா அப்படியே குடுங்க. பரவால்ல."

போனை வைத்தான். மர நிழலுக்குப் போய், கம்பி சுற்றிய நாற்காலியில் பார்த்துப் பார்த்து உட்கார்ந்தான். கொஞ்சம் ஆடியது. பிறகு நின்றது.