நஸாரியோ மேலே போன பருவம்

ஆப்பிள் பறிப்பு தொடங்கிய வாரத்தில் ஒராலியாவின் எட்டு மாதப் பிள்ளை நஸாரியோ, டிரெய்லர் வீட்டின் உட்கூரையில் போய் ஒட்டிக்கொண்டான். பால் கொடுத்துத் தோளில் போட்டுத் தட்டினாள். ஏப்பம் விட்டான், எழும்பிவிட்டான். மெக்சிகோவிலிருந்து வந்து நாங்கள் கூலிக்குப் பழம் பறிக்கிற யாகிமா பள்ளத்தாக்கில் அந்த வருஷம் நல்ல விளைச்சல், காற்றும் அதிகம்.

காரணம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. குழந்தை நல அலுவலகத்திலிருந்து கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு வாரம் ஒருமுறை வந்து, தரையில் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டி, தாய்மாருக்கு யோசனை சொல்லிப் போகிற நெரெய்தா, "என்னா கண்ணுடா உனக்கு, ராசா!" என்று சில வாரங்களாகவே வாயாரப் புகழ்ந்துவந்தாள். புகழ்ந்தவள் தொடவில்லை. எங்கள் மெக்சிகோ ஜனங்களிடம் பிள்ளையைப் புகழ்ந்த கையோடு தொட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் கண் பட்டுவிடும். நெரெய்தாவும் மெக்சிகோவின் ஒஹாக்காவில் பிறந்தவள், இது தெரியாதவள் அல்ல. ஊரில் இருமல் பரவுகிறது, குழந்தைகளைத் தொடாதே என்று அலுவலகம் சொன்னது, இவளும் தலையாட்டிவிட்டாள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது அந்த அலுவலகத்துக்கு மட்டும் தெரியாது.

புருஷன் ஃபெர்மின் ஆப்பிள் பறிக்கிற ஏணியைப் போட்டுப் பிள்ளையை இறக்கினான். ஒராலியா தன் சால்வையால் பிள்ளையைக் கட்டில் காலோடு கட்டினாள்.

"புகழ்ந்தவளே வந்து தொடணும். கூப்பிடு அவளை," என்றான் ஃபெர்மின்.

"கட்டிப் போட்ட பிள்ளையப் பாத்தா அவ மேலிடத்துக்குச் சொல்லியே ஆகணும், வேலை அப்படி. புள்ளைய வண்டியில தூக்கிட்டுப் போயிருவாங்க."

"கூப்பிடலைன்னா காத்து தூக்கிட்டுப் போயிரும். ரெண்டுல எது உனக்கு வசதி?"

அந்த வாரம் நெரெய்தா வந்து கதவைத் தட்டியபோது ஒராலியா மூச்சைப் பிடித்துக்கொண்டு பிள்ளையின் வாயைப் பொத்தினாள். கார் போகும் சத்தம் கேட்டபின் அழுதாள். மறுநாள் பிள்ளையைக் கட்டியிருந்த கட்டில் கால் தரையைவிட்டு எழும்பியது. அவளே போனை எடுத்து நெரெய்தாவைக் கூப்பிட்டாள்.

நெரெய்தா கதவைத் திறந்ததும் முதலில் பார்த்தது முடிச்சைத்தான். முகம் வெளுத்துவிட்டது.

"ஏன் ஒராலியா? பச்சப்புள்ளயைப் போயி…"

சொல்லிப் புரியாது என்று ஒராலியா முடிச்சை அவிழ்த்தாள். கதவு திறந்திருந்ததை இரண்டு பேருமே மறந்திருந்தார்கள். மலைக்காற்று உள்ளே சுழன்று, பிள்ளையை அள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டியது. நெரெய்தா படியிலிருந்து தாவி அவன் கணுக்காலைப் பிடித்தாள். பிடித்த மாத்திரத்தில் அவன் கனத்தான். இருவரும் சரளைக்கல்லில் விழுந்தார்கள், அவள் அடியில், அவன் மேலே. அவன் சிரித்தான். சிரித்ததும் ஒரு சாண் எழும்பினான். வாரக்கணக்கில் ஊறிய கண்ணேறு ஒரே தொடலில் போய்விடாது.

ஒராலியா படியிறங்கி ஓடிவந்தாள். "டீச்சர், மேல சொல்லிருவீங்களா?"

நெரெய்தா முழங்கை ரத்தத்தைத் துடைத்தாள். பிள்ளையை மடியில் அழுத்திக்கொண்டு, வீட்டுக்குள் எட்டிக் கூரையை நிதானமாகப் பார்த்தாள்.

"மேல ஆணியெல்லாம் துருத்திக்கிட்டு நிக்குது. மெத்தைப் பஞ்சு வச்சு மூடச் சொல்லுங்க உங்க வீட்டுக்காரர்கிட்ட. தரையில முட்டுற புள்ளைக்கு மேசை முனையை மூடச் சொல்றேன்ல, அதே மாதிரிதான்."

அடுத்த வாரம் பஞ்சு அவளே கொண்டுவந்தாள். நஸாரியோ இப்போது பள்ளிக்குப் போகிறான். சிரிப்பு வந்தால் பெஞ்சைவிட்டு எழும்புகிறான். பக்கத்தில் உட்காரும் சிறுமி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதுகிறாள்.