சும்மா இருக்கும் நூற்று நாற்பத்தாறு பேர்

எனக்கு வேலை கிடைத்ததே, மற்றவர்களுக்கு வேலை இருக்கிறதா என்று கேட்பதற்காகத்தான். காஞ்சிபுரத்து இளைஞர்களுக்கு என்ன பயிற்சி வேண்டும் என்பதை இளைஞர்களே வீடு வீடாகக் கேட்டு, மாவட்டக் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. பட்டம் வாங்கிய கையோடு திருப்புட்குழியில் வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்த என்னையும் சேர்த்து ஆறு பேரை எடுத்தார்கள். ஆளுக்கொரு டேப்லெட், கழுத்தில் தொங்க ஓர் அட்டை. பஸ்ஸில்கூட நான் அந்த அட்டையைக் கழற்றியதில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதுவரை கேள்வி கேட்கும் இடத்தில் இருந்ததில்லை. அதனால் கொஞ்சம் ஆட்டமாகத்தான் ஆடினேன்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஜீவிதா மேடம் ஒரு விதியை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "எதிர்ல இருக்கறவங்க சொன்னதை அப்படியே பதியணும். உங்க கருத்தைச் சேர்க்கக் கூடாது." நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்கள் எனக்கும் தினகரனுக்கும் வந்தன. தினகரன் அந்தத் தெருக்களிலேயே பிறந்து வளர்ந்தவன். சொந்த வீட்டில் கணக்கெடுக்கக் கூடாது என்பதால் அவன் வீட்டுக்கு நான் போனேன். அவன் தங்கை காவேரி, பத்தொன்பது வயது, தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். பாவு என்றால் தறியில் நீளவாட்டில் ஓடும் நூல். முடிந்துபோன பாவின் நூல் நுனியோடு புதுப் பாவின் நூலை ஒவ்வோர் இழையாகச் சேர்த்து முறுக்கும் காரியம் அது. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கான இழைகளை இப்படி முறுக்க வேண்டும். நடுவில் பேச்சுக் கொடுத்தால் கணக்கு தவறிவிடும் என்று நான் அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஒரு வரிசை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இப்ப ஏதாவது வேலை செய்யறியா, காவேரி?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. பிளஸ் டூ முடிச்சிட்டு வீட்லதான் சும்மா இருக்கேன்."

'வேலை இல்லை' என்ற பொத்தானை அழுத்தினேன். அரை மணி நேரம் அவள் வேலை முடியட்டும் என்று காத்திருந்த அதே நான்தான் அழுத்தினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"என்ன கத்துக்க ஆசை?" என்பது கடைசிக் கேள்வி.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "கம்ப்யூட்டர்ல சேலை டிசைன் போடறாங்க இல்லக்கா, அது. நூல் பிணைக்கிற எனக்கு அந்த நூல்ல இன்னா வரணும்னு முடிவு பண்ண ஆசையா இருக்குது." அதையும் பதிந்தேன். ஆனால் அந்தக் கடைசிக் கட்டத்தை யாரும் எண்ணுவதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. எங்கள் தெருக்களில் விசாரித்த இளம்பெண்களில் நூற்று நாற்பத்தாறு பேர் வேலை இல்லாமல் சும்மா இருக்கிறார்கள். வண்ணப் படத்தில் அவர்கள் பெரிய சிவப்புத் துண்டாக இருந்தார்கள். அதைப் பார்த்த உடனே மாவட்ட அலுவலகத்தில் ஒரு திட்டம் தயாராகிவிட்டது. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை தையல் பயிற்சி, மூன்று வருடத்துக்கு. சும்மா இருப்பவர்களுக்குப் பகல் முழுக்க வகுப்பு வைப்பதில் என்ன கஷ்டம்? கூட்டத்தில் ஒப்புதல் ஆகிவிட்டால் பிறகு மூன்று வருடத்துக்கு வேறு வகுப்பு கிடையாது.

கூட்டத்துக்கு முந்தைய நாள் காலை, "வேலை இல்லாத பெண்கள் ஆறு பேரைக் கூட்டிட்டு வாங்க, அவங்களே ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்றார் ஜீவிதா மேடம்.

"எங்க காவேரியே இருக்கா மேடம். ஒரு போன் போட்டா ஓடி வருவா" என்று தினகரன் தங்கையைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"நாளைக்காண்ணா? நாளைக்கு எப்படி வர்றது? மூணு தறிக்குப் பாவு பிணைக்கணும், எல்லாரும் என்னையே பார்த்துக்கினு இருக்காங்க. எனக்கு வேலை இருக்குதுண்ணா."

நான் பட்டியலை எடுத்து அடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன். அவளுக்கு ஊடைக்கு, அதாவது குறுக்கே ஓடும் இழைக்கு, நூல் சுற்ற வேண்டியிருந்தது. அதற்கடுத்தவள் அப்பாவோடு தறியில் சேலைக் கரை நெய்ய உட்கார வேண்டும். ஒன்பது பேரைக் கூப்பிட்டேன். சும்மா இருக்கும் ஒன்பது பேரில் ஒருத்திக்கும் நேரம் இல்லை.

எங்கள் ஊரில் நாற்று நடப் போகும் பெண்ணைக் கேட்டால் "வேலைக்குப் போறேன்" என்பாள். படி தாண்டிப் போய்ச் செய்தால் அது வேலை. இங்கே வீடே தறி. கூலி அப்பா பேருக்கு வருகிறது, தறி அப்பா பேரில் இருக்கிறது, ஆகவே வேலையும் அப்பாவுடையது. மகள் விடியற்காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை செய்வதற்குச் 'சும்மா' என்று பேர்.

"நானே அவளை அப்படித்தான் சொல்லிக்கினு இருந்தேன், சுகா" என்றான் தினகரன். "யாராவது கேட்டா, தங்கச்சி வீட்ல சும்மா இருக்குதுன்னு."

மேடத்திடம் போய் நின்றேன். மறுபடி கேட்க வேண்டும் என்றேன்.

"இப்பப் போய்க் கேள்வியை மாத்தினா ஆராய்ச்சியே செல்லாது, சுகாசினி."

"செல்லற ஆராய்ச்சி பொய் சொல்லிக்கினு இருக்குதே மேடம்!"

குரலை உயர்த்திவிட்டேன். அட்டையைக் கழற்றி வைக்கச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழைய எண்ணை அழிக்காதே. புதுசையும் பக்கத்துல வை. ஏன் தப்பாச்சுன்னு உன் வாயாலயே சொல்லு" என்றார்.

அன்று பிற்பகல் நானும் தினகரனும் ஒரே ஒரு தெருவில் ஏறி இறங்கினோம். வேலை செய்கிறாயா என்று கேட்கவில்லை. "நேத்து எழுந்ததுல இருந்து இன்னா செஞ்சே?" என்று கேட்டோம். பத்தொன்பது பெண்கள் சொன்னதை எழுதினோம். வீட்டு வேலையைக் கழித்துவிட்டே பார்த்தாலும், தறி வேலை ஏழு மணி நேரத்துக்குக் குறைந்த பெண் ஒருத்திகூட இல்லை.

மறுநாள் கூட்டத்தில் அந்தச் சிவப்புத் துண்டைக் காட்டி, "இது தப்பு சார். தப்பு பண்ணது நான்தான்" என்று ஆரம்பித்தேன். காவேரி எதிரில் அரை மணி நேரம் உட்கார்ந்த கதையையும் மறைக்காமல் சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைமை தாங்கிய அதிகாரி சிரிக்கவில்லை.

"அப்ப இந்தப் பொண்ணுங்களுக்கு எப்பதாம்மா நேரம் இருக்கும்?"

"அத அவங்ககிட்டயே கேட்டுடலாம் சார்" என்று எழுந்தான் தினகரன். "வர்ற செவ்வாய் அமாவாசை. அன்னிக்கு எந்த வீட்லயும் தறி ஓடாது. அன்னிக்குக் கூப்பிடுங்க, வருவாங்க."

ஒப்புதலைத் தள்ளி வைத்தார்கள். அமாவாசை அன்று பகல் மூன்று மணிக்கு அதே மண்டபத்தில் நாற்பத்தொரு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். சுற்றிலும் மல்லிகை வாசம். முதலில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். காவேரி எழுந்து, "சார், தையல் நல்லதுதான். ஆனா பகல்ல நாங்க வந்துட்டா ஊர்ல தறி நிக்கும். ஆறரைக்கு மேல வைங்க, டிசைன் கத்துக் குடுங்க" என்று சொன்ன பிறகு எல்லோருக்கும் வாய் திறந்துவிட்டது. அதிகாரி காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான். ஒரு மணி நேரம் பேசி, முதல் ஆறு மாதம் மாலையில் கம்ப்யூட்டர் டிசைன் வகுப்பு, பிறகு நிலைமையைப் பார்த்து மேலே என்று எழுதிக்கொண்டார். எனக்கு மேடத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டேன்.

சேருகிறவர்கள் பேர் எழுத ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டேன். பேர், வயது, தெரு, தொழில், கையெழுத்து. மூன்று வரிசை தாண்டித் தாள் காவேரியிடம் வந்தபோது எட்டிப் பார்த்தேன். தொழில் என்ற கட்டத்தில் அதுவரை எழுதிய அத்தனை பேரும் ஒரு கோடு இழுத்திருந்தார்கள்.

"அக்கா, இதுல இன்னா எழுதறது?"

பேனாவை அவள் கையில் கொடுத்தேன். நான் சொன்னால் அது என் பதிலாகிவிடும்.

அவள் குனிந்து, 'பாவு பிணைப்பவர்' என்று நிறுத்தி எழுதினாள். பக்கத்தில் இருந்தவள் அதை வாய்விட்டுப் படித்தாள்.

முன்வரிசையில் இருந்து ஒரு கை நீண்டது. "அந்தத் தாளை இப்படிக் குடும்மா. நான் தப்பா எழுதிட்டேன்."

தாள் முன்னால் போனது. இன்னொரு கை நீண்டது. பிறகு முதல் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "எனக்கும் குடுங்க", "எனக்கப்புறம் நீ" என்று ஒரே கூச்சல். கோடு இழுத்தவர்கள் எல்லோரும் மாற்றி எழுதி முடிக்க ஐந்து மணி ஆகிவிட்டது. அதிகாரி டீ சொல்லிவிட்டு, உட்கார்ந்து காத்திருந்தார்.