நடுவில் ரேடியோ, ஓரத்தில் அக்கா

இரண்டு தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான் இருந்தது அந்தக் கேமரா. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் குறிக்கும் வேலையில் எனக்குக் கூட்டாளியாக இருப்பவர், விடுமுறை வந்தால் மோட்டார் சைக்கிளில் மலையேறப் போய்விடுவார். அவர்தான் தன் ஹெல்மெட்டிலிருந்து அதைக் கழற்றிக் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி என் கைக்கு வந்துடணும். திங்கக்கிழமை நான் கிளம்பறேன்."

"இதுல எது நல்லது, எது கெட்டதுன்னு வரிசையா சொல்லுங்க. எழுதிக்கறேன்."

"இதையுமா எழுதுவீங்க? சரி, எழுதுங்க. தண்ணில முக்கினாலும் சாகாது. கீழ விழுந்தாலும் உடையாது. நீங்க எப்படி ஆடினாலும் படம் ஆடாது. இதெல்லாம் நல்லது. பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கினா பெருசு. தண்ணி புகாம இருக்க இந்தக் கூட்டை மாட்டினா, பேசறது ஒண்ணும் கேக்காது. அப்புறம் இதோட பார்வை ரொம்ப அகலம். எதிர்ல இருக்கறவனை எடுத்தா பக்கத்து வீட்டுக்காரன் காதும் சேர்ந்து விழும். அதுவும் கோணலா விழும். இதெல்லாம் கெட்டது."

மீட்டர் குறிக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று எழுதிக்கொண்டேன். இவ்வளவு முன்னேற்பாடு எதற்கு என்றால், அக்காவுக்கு இது மூன்றாவது வருடம்.

அக்கா தையல்காரி. வயது ஐம்பத்தொன்று. பகலெல்லாம் மிஷின் மிதிக்கும் கால், விடியற்காலையில் ஏரியில் தண்ணீரை மிதிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை நீச்சல் சங்கத்தார் கூட்டமாகச் சேர்ந்து கடலில் இறங்கி, எதிரே தெரியும் தீவுவரை நீந்துவார்கள். அந்தக் கூட்டத்தில் தானும் ஒருத்தியாக இருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. புதிதாகச் சேருகிறவர்கள் ஒரு மணி நேரம் விடாமல் நீந்திக் காட்டும் படத்தை அனுப்ப வேண்டும். நீந்துபவரும் கடிகாரமும் ஒரே படத்தில் தெரிய வேண்டும், களைத்தால் மிதக்கலாம், ஆனால் படகைத் தொடக்கூடாது, படத்தில் ஓர் இடத்திலும் வெட்டு இருக்கக்கூடாது.

முதல் வருடம் என் போனில் கரையிலிருந்து எடுத்தேன். அக்கா கொசு அளவில் தெரிந்தாள். இரண்டாம் வருடம் படகிலிருந்து எடுத்தேன். நாற்பதாவது நிமிடத்தில் போன் கை நழுவியது. இன்றும் ஏரிக்கு அடியில்தான் இருக்கிறது. அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த வருடம் ஓர் இடம்தான் மீதி இருந்தது. படம் போய்ச் சேர வேண்டிய கடைசி நேரம் ஞாயிறு மாலை ஆறு மணி.

கடிகாரத்தைக் கொடுத்தவர் மாமா, அதாவது அக்காவின் கணவர். பேக்கரியில் அடுப்புக்குப் பொறுப்பு அவர்தான். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்திருந்தார்கள், போட்டால் நிற்காது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவர் ஏரிப் பக்கம் எட்டிப் பார்த்தது கிடையாது. தண்ணீர் என்றால் அவருக்கு மாவு பிசைவதற்கு மட்டும்தான்.

"கடிகாரம் பேக்கரியோடது மாப்ள. அதை ஏரிக்குள்ள போட்டுட்டீங்கன்னா பன்னு எல்லாம் கரியாத்தான் வரும். நானும் வரேன். கடிகாரத்துக்குக் காவலா."

"நீங்களா? படகுலயா?" என்றாள் அக்கா.

"ஏன், படகு என்னை வேண்டாம்னு சொல்லிச்சா?"

ஞாயிறு காலை அவர் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மிதவைச் சட்டைகளை மாட்டிக்கொண்டு, மடியில் ஒரு கூடை பன்னோடு படகின் முன்முனையில் உட்கார்ந்தார். கையை மடக்க முடியாததால் பன்னை எடுத்து வாய்க்குக் கொண்டுபோக அவர் பட்ட பாட்டைப் பார்த்து அக்கா தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே மூச்சு வாங்கச் சிரித்தாள்.

கேமராவோடு வந்த பிடி ஹெல்மெட்டுக்கானது. படகின் பின்முனைக் கட்டையில் அது நிற்கவில்லை. அதற்காக அக்கா முந்தின நாளே ஒரு சின்ன உறை தைத்து, இரண்டு பக்கமும் நாடா வைத்திருந்தாள். கட்டையில் இறுக்கிக் கட்டினேன். கேமரா அக்கா நீந்தப்போகும் பக்கத்தைப் பார்த்தது. அதே பக்க விளிம்பில் கடிகாரத்தைத் தொங்கவிட்டோம். பேட்டரியை மிச்சப்படுத்தத் திரையை அணைத்து வைத்தேன். கேமராவின் முன்பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு மின்னினால் படம் ஓடுகிறது என்று பொருள்.

துடுப்புப் போடுகிறவன் படகின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் உட்கார முடியும். எனவே கேமரா எனக்கு எதிரே; மாமா என் முதுகுக்குப் பின்னால்.

அக்கா நீந்தத் தொடங்கினாள். ரேடியோவும் தொடங்கியது.

"மாப்ள, நேத்து அடுப்பு என்ன பண்ணிச்சு தெரியுமா? இடது பக்கம் சூடே இல்ல. பன்னுல பாதி வெள்ளை, பாதி கறுப்பு..."

முதல் சில நிமிடங்கள் சிவப்பு விளக்கைப் பார்க்க நான் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பத்து நிமிடம் கழித்து எட்டிப் பார்க்காமலே தெரிந்தது. கால் மணி நேரத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. எனக்குப் பெரிய திருப்தி. 'பழகிவிட்டேன்' என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பத்தேழாவது நிமிடத்தில் அக்காவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சட்டென்று மல்லாந்து படுத்து, காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். படகு அவளுக்கு ஒரு முழத் தூரத்தில். தொட்டால் முடிந்தது. நான் துடுப்பை நிறுத்தினேன். அதே நேரத்தில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"மாமா, ஆடாதீங்க! பன்னு அப்புறம் சாப்பிடலாம்!"

பின்னாலிருந்து பதில் வரவில்லை. ரேடியோ முதல்முறையாக நின்றிருந்தது. இரண்டு நிமிடம். பிறகு அக்கா புரண்டு மறுபடியும் கைபோட்டாள். படகு நிமிர்ந்தது. "அடுப்புல இடது பக்கம்..." என்று குரல் கொஞ்சம் கரகரப்பாகத் தொடர்ந்தது.

கடிகாரத்தில் ஒரு மணி நேரம் ஆனது. அக்கா படகின் விளிம்பைப் பிடித்தாள். நான் "ஆச்சு! ஆச்சு!" என்று கத்தி முடித்தபோது சிவப்பு விளக்கு தானாகவே அணைந்தது. பேட்டரி அதன் கடமையைச் செய்து முடித்திருந்தது.

மத்தியானம் அக்கா வீட்டில், துணி வெட்டும் மேசைமேல் கம்ப்யூட்டரை வைத்துப் படத்தைப் போட்டேன். எட்டு நிமிடம் அக்கா கச்சிதமாக நடுவில் நீந்தினாள். பிறகு அவள் மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போனாள். நடுவில் முதலில் என் முழங்கால் வந்தது, பிறகு நான், பிறகு என் தோளுக்கு அப்பால் இரண்டு மிதவைச் சட்டைகளுக்கு மேல் மாமாவின் தலை.

"இது என்னடா, நான் நீந்தின படமா, இவர் பன்னு தின்ன படமா?" என்றாள் அக்கா.

மூன்றாவது வருடம். மணி இரண்டரை. இன்னொரு முறை நீந்த அவள் காலில் தெம்பில்லை.

அக்கா உறையை எடுத்து நாடாக்களைப் புரட்டிப் பார்த்தாள். ஒரு பக்கம் நைலான். அது தீர்ந்துபோனதால் மறுபக்கத்துக்குப் பருத்தி நாடா வைத்திருந்தாள். நைலான் அப்படியே இருந்தது. பருத்தி, நனைந்து சுருங்கி, விரல் நீளம் குறைந்திருந்தது. கேமராவைத் தன் பக்கமாகவே, என்னைப் பார்க்கும்படி, திருகி இழுத்திருந்தது.

"வர்றவங்ககிட்ட எல்லாம் படிச்சுப் படிச்சு சொல்றேன், பருத்தியை நனைக்காம வெட்டக்கூடாதுன்னு. முப்பது வருஷமா சொல்றேன். எனக்கு நானே நனைக்காம தைச்சுருக்கேன் பாரு!"

அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"டேய், கொஞ்சம் பின்னாடி போ. அந்த ஓரத்துல என்னது?"

திரையின் விளிம்பில் அரிவாள் மாதிரி வளைந்து ஒன்று எழுந்தது, விழுந்தது. மறுபடி எழுந்தது. அக்காவின் கை. அவளுக்கு மேலே முட்டை வடிவத்தில் நீண்டுபோய்க் கடிகாரம். முட்டைக்குள்ளும் முள் தெளிவாகத் தெரிந்தது.

நோட்டை எடுத்தேன். நிமிடம் நிமிடமாகப் போட்டு, அக்காவும் கடிகாரமும் தெரியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு குறி போட்டேன். தலை சில நேரம் சப்பட்டையாக, சில நேரம் பூசணிக்காயாகத் தெரிந்தது, ஆனால் தெரிந்தது. பதினைந்து, இருபது, முப்பது. ஒரு நிமிடம்கூட விடுபடவில்லை.

குறி போட்டுக்கொண்டிருந்த எனக்கு நடுவில் தெரிந்ததையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கூட்டுக்குள் இருந்த கேமராவுக்குச் சத்தம் கேட்கவில்லை. 'புர்ர்' என்று ஏதோ கொதிப்பது போல மட்டும் ஒலித்தது. அடுப்பும் இல்லை, பன்னும் இல்லை. மாமாவின் முகம் மட்டும்தான். அது ஒரு நொடிகூட அக்காவை விட்டு விலகவில்லை. அவள் வலது கையைப் போட்டால் இவர் வலது தோள் எழும்பும். அவள் மூச்சு வாங்கினால் இவர் வாய் திறக்கும். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் ஒரு பன்னை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். கைக்குட்டை என்று நினைத்திருப்பார்.

நாற்பத்தேழு. அக்கா மல்லாந்தாள். மாமா எழுந்தார். கூடை உருண்டது. நீச்சல் தெரியாத அந்த மனுஷன், ஒரு காலைத் தூக்கிப் படகுக்கு வெளியே போட்டு, தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டபடி நின்றார். இரண்டு நிமிடமும் அப்படியே. நான் முன்னால் உட்கார்ந்துகொண்டு பன்னைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

மாமா சுவரில் மாட்டியிருந்த அளவு நாடாவைப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, குதிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அதுக்குத்தானே ரெண்டு சட்டை. ஒண்ணு உனக்கு."

அக்கா அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த பன் துணுக்கை எடுத்துவிட்டாள்.

"சரி மாப்ள," மாமா தொண்டையைச் செருமினார். "அந்த ரெண்டு நிமிஷத்தை மட்டும் வெட்டிடு. பன்னுல மூஞ்சி துடைக்கறதையும். சங்கத்துல பேக்கரிக்கு வர்றவங்க ரெண்டு பேர் இருக்காங்க. நாளைக்கு மானம் போயிடும்."

"வெட்டினா செல்லாது மாமா. எங்கயும் வெட்டு இருக்கக்கூடாது."

"ஓரமா ஒரு கறுப்புப் பட்டை கிட்டை...?"

"நடுவுல இருக்கறது நீங்கதான். உங்களை மறைச்சா, எதையோ வெட்டிட்டோம்னு சந்தேகப்படுவாங்க."

அக்கா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் விவாதம் பண்ணியிருப்பார். அவள் பருத்தி நாடாவைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மாமா அவளைப் பார்த்தார், திரையில் தொங்கும் தன் காலைப் பார்த்தார், மணியைப் பார்த்தார்.

"அனுப்பு. என்ன இப்ப? சினிமாவுல நடிக்கறவன் எல்லாம் என்னைவிட அழகா இருக்கானா?"

ஒரு மணி நேரப் படம் போய்ச் சேருவது லேசில்லை. நூற்றுக்கு முப்பது என்று காட்டிக் கால் மணி நேரம் அங்கேயே நின்றது. மாமா கம்ப்யூட்டருக்கு விசிறினார். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு 'வந்து சேர்ந்தது' என்று பதில் வந்தது. கேமராவைத் துடைத்துக் கூட்டாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

புதன்கிழமை சங்கத்தின் செயலாளர் அம்மா போன் செய்தார். அக்கா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"உங்க படத்தை நாங்க ஏழு பேரும் உக்காந்து பார்த்தோம். ரெண்டு தடவை."

"எதுக்குங்க ரெண்டு தடவை?" என்றாள் அக்கா.

"முதல் தடவை எல்லாரும் நடுவுல இருக்கறவரையே பார்த்துட்டோம். உங்களைப் பார்க்க இன்னொரு தடவை போட வேண்டியதாப் போச்சு. நிமிஷம் தவறாம இருக்கீங்க. உங்க பேரைச் சேர்த்தாச்சு."

அக்கா மிஷின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மாமா பேக்கரி ஏப்ரனோடு ஒரு சுற்றுச் சுற்றினார், மாவு பறந்தது.

"ஒரு சந்தேகம்," என்றார் செயலாளர் அம்மா. "ரெண்டு சட்டை போட்டவர் அன்னைக்கும் படகுல வருவாரா? வர்றதா இருந்தா, மொதல்ல மிதக்கக் கத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. காலை வெளியில போடற ஆளை நாங்க நம்ப முடியாது."

அன்றிரவு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். 'பார்வை ரொம்ப அகலம்' என்பதை அடித்துவிட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் எழுதினேன். பேட்டரியைத் தொடவில்லை, ஒரு நிமிடம் முந்தி அணைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. 'பேசறது கேக்காது' என்பதை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல், கோட்டின் மேலேயே எழுதி வைத்தேன்.

இப்போது காலை ஐந்தரைக்கு ஏரியில் இரண்டு பேர் இறங்குகிறார்கள். அக்கா ஆழத்துக்குப் போய்விடுவாள். மாமா இடுப்பளவு தண்ணீரில், ஒரே ஒரு சட்டையோடு, விளிம்புக் கல்லைப் பிடித்துக்கொண்டு காலை உதைப்பார். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பழக வேண்டும் என்று அக்கா கட்டளை. வைக்கிறார். ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. கரையில் நிற்கும் எனக்கு 'புர்ர்' என்று ஏதோ கொதிப்பது போல மட்டும் கேட்கிறது.