துரைக்கு வந்த பரம்பரைச் சொத்து

துரைக்குத் தாத்தாவின் பார்வையின்மை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதிவுத் தபாலில் வந்தது. துரை நான்கு வயது லாப்ரடார் நாய். தபாலைக் கையெழுத்திட்டு வாங்கியவள் அவனை வளர்க்கும் பூங்காவனம். ரயில் நிலைய ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசிப்பது அவள் வேலை. அதனால் கடிதத்தையும் நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். துரை வாலை ஆட்டிக்கொண்டே கேட்டான்.

தாத்தா தன் விழித்திரைக் கோளாறைப் பேரன் பேத்திகளுக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். முதலில் சாயங்காலப் பார்வை போகும், அப்புறம் மத்தியானம், கடைசியில் காலை. பதினைந்து நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும்.

பூங்காவனம் அரை நாள் லீவு போட்டு, துரையைக் கூட்டிக்கொண்டு போனாள். சொத்தை வாங்க இல்லை, சண்டை போட.

சார்பதிவாளர் கமலக்கண்ணன் பொறுமைசாலி. கோப்பைப் புரட்டினார்.

"அப்பா வழித் தாத்தா ஒரு பங்கு, அம்மா வழிப் பாட்டி ஒரு பங்கு. ரெண்டும் சேர்ந்து வந்தாதான் செல்லும். உங்க பிள்ளைக்கு ரெண்டுமே வந்திருக்கும்மா."

"தெற்குத் தெருவுல இவன் தங்கச்சி இருக்கா சார். அவ நல்லாத்தானே பார்க்கிறா?"

"அவங்களுக்கு ஒரு பங்குதான். பீரோவுல வச்சுப் பூட்டியிருக்காங்க. நாளைக்குக் குட்டி போட்டா அதுங்களுக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம்."

"எங்களுக்கு வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டா?"

"வீட்டை வேண்டாம்னு சொல்லலாம். ரத்தத்துல வந்ததை எங்கேம்மா திருப்பி அனுப்புறது?"

பூங்காவனம் எழுந்து நின்றாள். "அப்படின்னா என் பேருக்கு மாத்துங்க. என் வேலைக்குக் குரல் போதும் சார். ரயில் நேரமெல்லாம் எனக்கு மனப்பாடம்."

கமலக்கண்ணன் எழுந்து வந்து அவளைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். காதைப் பார்த்தார். முதுகுப் பக்கமும் பார்த்தார்.

"நீங்க லாப்ரடார் இல்லையேம்மா" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

துரை மை தடவிய பாதத்தை அழுத்திக் கையெழுத்துப் போட்டான். படிவத்தில் 'கடைசியாகப் பார்க்க விரும்புபவை' என்றொரு கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்ப அவர் பத்து நாள் அவகாசம் கொடுத்தார்.

பூங்காவனம் மிச்சமிருந்த லீவையெல்லாம் எடுத்துவிட்டாள். துரையைக் கடலுக்குக் கூட்டிப் போனாள். அவன் கடலுக்கு முதுகைக் காட்டி, கருவாட்டுக் கூடையை முக்கால் மணி நேரம் முகர்ந்தான். யானையைக் காட்டினாள். அவன் யானைச் சாணத்தோடு நின்றுவிட்டான். மோவாயைப் பிடித்துத் தூக்கி, கலங்கரை விளக்கத்தைப் பார்க்க வைத்தாள். தும்மினான். பத்தாம் நாள் வேறு எதுவும் தோன்றாமல், அவன் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து தன் முகத்தைக் காட்டினாள். துரை கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவளை மோவாயிலிருந்து நெற்றிவரை நக்கினான்.

'பார்த்தாகிவிட்டது' என்று அந்தக் கட்டத்தில் எழுதிக் கொடுத்தாள் பூங்காவனம். பேனா சரியாக ஓடவில்லை. கண்ணீர் பட்டிருந்தது.

சொன்ன வரிசைப்படியே எல்லாம் போயின. கடைசிக் காலையும் போன அன்று, வீட்டுச் சாமான்களைக் கூடத்துக்கு அழைத்து, இனி யாரும் இஷ்டத்துக்கு இடம் மாறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். கட்டில் உடனே ஒத்துக்கொண்டது. ஆட்டுக்கல் எப்போதுமே சொன்ன பேச்சுக் கேட்கும். பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டது.

மற்றதை அவள் குரல் பார்த்துக்கொண்டது. "துரை அவர்களின் கனிவான கவனத்திற்கு. சமையலறையிலிருந்து புறப்பட்ட தயிர்சாதம் இன்னும் சற்று நேரத்தில் முதலாவது தட்டை வந்தடையும். கதவு இடதுபுறம் திறந்துள்ளது. குளியல் நாற்பது நிமிடம் தாமதமாக நடைபெறும். வருந்துகிறோம்." துரை காதைச் சாய்த்துக் கேட்டு, எதிலும் இடிக்காமல் சரியான நேரத்துக்குத் தட்டுக்கு வந்து சேர்ந்தான். குளியலை மட்டும் அவனாகவே ரத்து செய்துகொண்டான். ஒரு மாதத்தில் அவன் முன்னைவிடச் சற்றுக் குண்டாகிவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் நடக்கப் போனார்கள். எதிர்வீட்டு அந்தோணிசாமியின் வாசலில் துரை நின்று மூக்கை நீட்டினான். அவன் மூக்குக்கு நேராக ஒரு தேங்காய்க் குலை இருந்தது. தோட்டத்துத் தென்னை மரம் மடங்கி, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தது.

"என்ன அண்ணே, உட்கார்ந்துருச்சு?" என்றாள் பூங்காவனம்.

"அதுக்கு உயரம்னா பயம்மா" என்றார் அந்தோணிசாமி, குனிந்து இளநீர் பறித்தபடி. "உங்களுக்கு வழுக்கையா, தண்ணியா?"

"வழுக்கை" என்றாள்.