எண்ணாமல் விட்டவர்கள்

...நாலு பேர், ஒரு நடைக்கு நாலே பேர், எப்படி நாலு வரும், அவன் ஓட்டுகிற ஏழாம் எண் பஸ்ஸில் காலை நடைக்குப் பதினைந்து பேருக்குக் குறைந்ததே இல்லையே, முன்னால் நிற்கும் டீச்சரின் குடை தினமும் அவன் தோளில் இடிக்கிறதே, அந்தக் குடையையாவது ஓர் ஆளாகச் சேர்த்திருக்கக் கூடாதா... நகரசபை குமாஸ்தா நேற்று போனில் சொன்னதிலிருந்து இதே கணக்குதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "அண்ணே, மூணு வருஷமா மெஷின்ல அப்படித்தான் பதிவாகியிருக்கு. நாளைக்குப் பதினோரு மணிக்குக் கூட்டம். ஆள் ஏறாத ரூட்டை எடுத்துடுவாங்க." எடுத்துவிடுவார்களாம், எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான்... ஊர்க்காரர்களின் வரியில் ஓடுகிற பஸ், டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் ஏறலாம், டிரைவர் செய்ய வேண்டியதெல்லாம் ஆள் ஏறும்போது ஸ்டியரிங் பக்கத்துப் பச்சைப் பொத்தானை ஒரு தடவை அழுத்துவதுதான். அதைத்தான் அவன் செய்யவில்லை.

சிக்னல் சிவப்பு. மணி ஏழு ஐம்பது. செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது, புது முகம் ஏறினால் உடனே அழுத்துவானே, ஆனால் டீச்சர் "என்னப்பா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஏறும்போது அந்த மெஷினைக் கீச்சென்று கத்தவிடுவது, வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிறுத்தி விவரம் எழுதிக்கொள்வதுபோல இருக்காதா, தையல்காரர், மருந்துக்கடைப் பெண், இரட்டைப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிவரும் அம்மா, எல்லாரும் நம்ம ஆட்கள், நம்ம ஆட்களுக்கு எதற்குப் பொத்தான்... பெரிய மனசுக்காரன்! முகதாட்சண்யம் பார்த்துப் பார்த்து அத்தனை பேரையும் இல்லாமல் ஆக்கிவிட்டான். இன்று எல்லாருக்கும் அழுத்துகிறான், தையல்காரர் திடுக்கிட்டு "என்ன தம்பி, பஸ்ல ஏதாவது கோளாறா?" என்று கேட்டார், இல்லண்ணே என்றான், கோளாறு நான்தான் என்று சொல்லவில்லை. ஒரே நாளில் நாலு பதினைந்தானால் யார் நம்புவார்கள், கூட்டம் என்று தெரிந்ததும் சும்மா அழுத்தித் தள்ளியிருக்கிறான் என்பார்கள், பேசாமல் நானே போய் நடந்ததைச் சொல்லிவிட்டால்... வேலை போகும், போனால் போகட்டும் என்று சொல்ல வாய் வருகிறதா, வரவில்லை, பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தப் பஸ் நின்றுபோனால் அக்கா என்ன செய்வாள்? பின்னால் யாரோ ஹாரன் அடித்தபிறகுதான் பச்சை விழுந்ததைப் பார்த்தான்.

தண்ணீர்த்தொட்டி நிறுத்தத்தில் அக்கா நின்றிருந்தாள். வாரத்துக்கு மூன்று நாள் மேட்டு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ், போகும்போதே பாதி உயிர்தான், திரும்பும்போது அதுவும் இருக்காது, அந்த ஏற்றத்தில் அவள் நடப்பதாவது... கம்பியைப் பிடித்து, படிக்கு ஒரு மூச்சு வாங்கி ஏறினாள்.

"என்னடா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. நீ உக்காரு."

பொத்தானை அழுத்தினான். மெஷின் கத்தியது. பதினாறு. அவள் வழக்கமான முன் இருக்கையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள், பதினோரு மணிக்கு இவள் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பாள், நான் எங்கே இருப்பேன்... கியரைப் போடக் கை எழவில்லை. மூன்று வருஷம், வாரம் மூன்று நாள், இதே படி, இதே இருக்கை... மெஷினைக் கேட்டால், அக்கா இன்றைக்குத்தான் முதல் தடவையாக இந்தப் பஸ்ஸில் ஏறுகிறாள்.