உள்ளங்கைச் சூடு

எங்கள் கம்பெனி சலவைத்தூளுக்குப் பெயர் அனல். நூறு கிலோ அனலில் அறுபது கிலோ சலவை சோடா, இருபத்தைந்து கிலோ வேதாரண்யத்து உப்பு. மிச்சத்தில்தான் அழுக்கை உண்மையிலேயே எடுக்கிற சரக்கு, நீலச் சாயம், மல்லிகை வாசனை எல்லாம். நான் கெமிஸ்ட்டாகச் சேர்ந்த அன்றைக்கு முதலாளி நடராசன் இந்தக் கணக்கைக் குலதெய்வத்துக்குப் படையல் போடும் முறையைச் சொல்வதுபோலப் பயபக்தியோடு சொன்னார்.

"யாரு சார் இந்த ஃபார்முலா போட்டது?"

"யாரு போட்டா என்னம்மா? எங்கப்பா காலத்துலேருந்து ஓடுது."

பிறகு என் சான்றிதழ்களைப் பார்த்தார். எம்.எஸ்ஸி. வேதியியல் அவர் கண்ணில் படவில்லை. அப்பா பெயரில் நின்றுவிட்டார்.

"இளையபெருமாள் மவளா நீ? உங்க தாத்தா எங்க வயல்லதாம்மா கெடந்தாரு."

"ஆமா சார். நான் லேபுல கெடக்கலாம்னு வந்திருக்கேன்."

சிரித்தார். வேலை கொடுத்தார். டீ வந்தது. ஆபீசில் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர், எனக்கு மட்டும் பேப்பர் கப். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, "கெமிக்கல் தொடுற கை பாரு, ஒரு சேஃப்டிக்குத்தான்" என்றார். கெமிக்கல் பட்டால் டம்ளர் கெட்டுவிடும் என்று தெரிந்த மனிதருக்குக் கையும் கெடும் என்று தெரியவில்லை.

அனல் ஓடியதற்குக் காரணம் ஹாஜா மைதீன். விற்பனைக்காரர். கும்பகோணத்திலிருந்து நாகப்பட்டினம் வரை எந்தச் சந்தையில், எந்தத் திருவிழாவில் கூட்டம் கூடினாலும் பாய் தன் ஆட்டோவோடு நிற்பார். முதலில் தன் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை அனலைப் போட்டு, நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டு, விரல்களை மூடிக்கொண்டு கண்ணைச் சுருக்குவார். அப்புறம் முன்னால் நிற்கிற பெண்ணிடம், "கையக் குடும்மா" என்பார். அவள் கையிலும் சிட்டிகைத் தூள், சொட்டுத் தண்ணீர்.

"மூடிக்க. என்ன தெரியுது?"

"ஆத்தாடி, சுடுது!"

"ஒரு சிட்டிகைக்கே உனக்கு இப்படி சுடுதே, அழுக்கு என்னம்மா பாடுபடும்?"

அவ்வளவுதான். கூட்டம் பாக்கெட்டை அள்ளும். உலர்ந்த சோடாவில் தண்ணீர் பட்டால் சூடாகும். அதற்கும் அழுக்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினாலும்தான் கொதிக்கிறது. அதில் யாரும் சட்டை துவைப்பதில்லை.

ஆனால் அந்தச் சோடா வேறொன்று செய்யும். தோலிலிருக்கும் எண்ணெயைச் சுரண்டி எடுக்கும். பேக்கிங்கில் உட்காரும் செந்தாமரை அக்காவுக்கு விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. என் அம்மா ராமாயிக்கு அதைவிட மோசம். பகலெல்லாம் நடவுச் சேற்றில் கை, சாயங்காலம் அனல் கரைத்த வாளியில் கை. ரசம் பட்டால் எரிகிறது என்று அம்மா சோற்றை ஸ்பூனில் சாப்பிடப் பழகியிருந்தது. தெருவில் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள்: "மவ எம்.எஸ்ஸி. முடிச்சா, தாய்க்கு ஸ்பூன் வந்துருச்சு."

சோடாவைக் குறைக்க வேண்டும். அம்மா கையால் சாப்பிட வேண்டும். அந்தக் கம்பெனியில் எனக்கு வேறு லட்சியம் எதுவும் இல்லை.

அம்மாவின் கையையும் பேக்கிங் பெண்களின் கைகளையும் போனில் படமெடுத்து நடராசனிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"இதெல்லாம் வேலை செய்யிற கைம்மா. அப்படித்தான் இருக்கும்."

அவர் மகன் ராம்கி எட்டிப் பார்த்தான். சிங்கப்பூரில் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்து பிராண்டிங் பார்த்துக்கொள்பவன்.

"சூப்பர் லைட்டிங்! பூவிழி, இத எனக்கு அனுப்புங்க. 'முன்'னு இந்தக் கையப் போட்டு, 'பின்'னு ஒரு மாடல் கையப் போட்டா பாக்கெட்டுல அள்ளும்."

"முன்னும் நம்ம தூள்தான் சார்."

"அது பாக்குறவனுக்குத் தெரியாதுல்ல?"

இருந்தாலும் 'கைக்கு மென்மை' என்ற வார்த்தை ராம்கிக்குப் பிடித்துவிட்டது. பெரிய கம்பெனிக்காரர்கள் போடுகிறார்கள், நாமும் போடலாம் என்றான். அந்த ஆசையில்தான் எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. சோடாவைக் கால்வாசியாக்கினேன். நுரைக்கும் சரக்கைக் கூட்டினேன். எங்கள் போர் தண்ணீரின் உவரைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சியோலைட் என்கிற வெள்ளை மாவைச் சேர்த்தேன். அது ஒருவகைக் கனிமம். கையை ஒன்றும் செய்யாது. வாழைக்கறையைத் தவிர நான் வைத்த எல்லாக் கறையும் போனது. வாழைக்கறை அனலிலும் போனதில்லை.

ஃபார்முலாவை முடிவு செய்யக் கூட்டம் போட்டார்கள். நடராசன், ராம்கி, இரண்டு ஏஜென்டுகள். துவைத்த துணிகளை மேசையில் பரப்பினேன். யாரும் துணியைப் பார்க்கவில்லை. ஒரு ஏஜென்ட் ஈர விரலால் தூளைத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பவர் இல்லியே."

"துணியப் பாருங்க சார். வெளுத்திருக்கா இல்லியா?"

"வெளுப்பு இருக்கட்டும்மா. பவர் எங்க?"

"இங்க இருக்கிறவங்கள்ல யாராவது துணி தொவைச்சிருக்கீங்களா?"

ராம்கி, "ஹாஸ்டல்ல மெஷின் இருந்துச்சு" என்றான். நடராசன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "என் வேட்டிய நான் மடிச்சதுகூட இல்ல" என்றார். ஏதோ விருது வாங்கியதைச் சொல்வதுபோல.

சந்தையில் பார்த்துவிடலாம் என்று முடிவானது. தைப்பூசத்துக்குத் திருவிடைமருதூரில் நல்ல கூட்டம். நானும் போயிருந்தேன். பாய் வழக்கம்போல ஒரு பெண்ணின் கையை வாங்கி, புதுத் தூளைப் போட்டுத் தண்ணீர் விட்டார்.

"என்னம்மா தெரியுது?"

அவள் கையைத் திறந்து பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"என்ன பாய், விபூதியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இன்னொருத்தி, "பாய் குடுக்குற விபூதி, விசேஷம்தான். பூசிக்கடி" என்றாள். பாயும் சிரித்துவிட்டார். பாக்கெட்டுகள் அப்படியே திரும்பி வந்தன.

வீட்டில் அதைவிட மோசம். அம்மாவிடம் ஒரு வாரத்துக்கு அந்தத் தூளைத்தான் கொடுத்தேன்.

"அழுக்குப் போகுதா?"

"போவுது."

"கை எரியுதா?"

"எரியல. அதாண்டி சந்தேகமா இருக்கு."

"என்ன சந்தேகம்?"

"எரியாம எப்பிடிடி அழுக்குப் போவும்? நீ என்னமோ மாவக் கலந்துட்ட."

மறுநாள் அம்மா கடைக்குப் போய், காசு கொடுத்து, பழைய அனல் பாக்கெட் வாங்கி வந்தது. அம்மாவிடம் அப்படி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. இரண்டு வருடம் படித்த முதுகலை வேதியியல், என் சொந்த வீட்டுத் தண்ணீர்க் குழாயடியில் தோற்றுப்போய் நின்றது.

அப்போதுதான் முடிவெடுத்தேன். இவர்களுக்குச் சூடுதானே வேண்டும், கொடுத்துவிடலாம்.

சியோலைட்டுக்கு ஒரு குணம் உண்டு. அதை நன்றாக வறுத்து உள்ளே இருக்கும் ஈரத்தை விரட்டிவிட்டால், மறுபடி தண்ணீரைப் பார்த்ததும் ஆவேசமாகக் குடிக்கும். குடிக்கும்போது சூடாகும். தோலை அரிக்காது. கல்லூரி லேபில் செய்து பார்த்திருக்கிறேன். லேபில் இருந்த அடுப்பு இங்கே இல்லை. ஆனால் எங்கள் கம்பெனி முன்பு அரிசி மில்லாக இருந்த கட்டடம். பின்கட்டில் பொரி வறுக்கிற பெரிய இரும்புச் சட்டியும், உமி போட்டு எரிக்கிற அடுப்பும் சும்மா கிடந்தன. செந்தாமரை அக்கா அந்தக் காலத்தில் அங்கே பொரி வறுத்தவர். கரண்டியை எடுத்துக் கிளற ஆரம்பித்தார்.

"ஏன் பூவு, இது பொரியுமா?"

"பொரியாதுக்கா."

"பொரியாததப் போயி எதுக்கு வறுக்கிறோம்?"

"ஊர ஏமாத்தத்தான்."

"அப்ப செவக்க வறுக்கவா?"

வறுத்து, ஈரக்காற்று படுவதற்குள் கலந்து, உடனே பாக்கெட் போட்டு ஒட்டினோம். இது பித்தலாட்டம் என்று எனக்குத் தெரியும். பழைய தூளின் சூடும் பித்தலாட்டம்தான், ஆனால் அது தோலையும் உரித்தது. இரண்டில் தோலை விட்டுவைக்கிற பித்தலாட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்த சந்தையில் பாய் ஒரு பாட்டியின் கையில் தூளைப் போட்டுத் தண்ணீர் விட்டார். பாட்டி கையை உதறினாள்.

"யப்பா! அடுப்புல வச்சாப்ல இருக்கே!"

ஆட்டோ காலியாகித் திரும்பியது. நடராசன் ஏஜென்டுகளுக்கெல்லாம் போன் போட்டு, "நம்ம ஃபார்முலாவ நாமளே மாத்திட்டோம்ல" என்றார். ராம்கி பாக்கெட்டில் கொஞ்சம் தீச்சுவாலை வரைந்தான். அதன் கீழேயே 'கைக்கு மென்மை' என்றும் போட்டான். இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கிறதே என்றேன். "எமோஷனல் பேலன்ஸ்" என்றான்.

அம்மாவும் உள்ளங்கையில் போட்டுப் பார்த்தது. முகம் மலர்ந்தது.

"இப்பதாண்டி நீ படிச்ச படிப்பு வேலை செய்யிது."

இரண்டு மாதத்தில் வெடிப்புகள் மூடிக்கொண்டன. அம்மா ரசத்தைக் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே, "சூடான தூளு, அதான் கிருமியெல்லாம் செத்து கை ஆறிடுச்சு" என்று பக்கத்து வீட்டுக்கு விஞ்ஞானம் சொன்னது.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு சனிக்கிழமை நடராசன் கூப்பிட்டார்.

"பூவிழி, பழைய தூள்லயும் சூடு. புதுத் தூள்லயும் சூடு. சரிதான?"

"சரி சார்."

"ரெண்டு சூடும் ஒண்ணுதான்னா அந்த வெள்ள மாவு எதுக்கு? வெல வேற ஜாஸ்தி. வறுக்கிற வேலை வேற. சோடாவையே போட்டுரு."

"சார், சூடு ஒண்ணுதான். கைக்கு ஒண்ணு இல்ல."

மறுபடி படங்களைக் காட்டினேன். இந்தமுறை ஆறிப்போன கைகளையும் சேர்த்து. அவர் கண்ணாடியைக்கூடப் போடவில்லை.

"அதான் ஆறிடுச்சில்ல? அப்பறம் என்ன?"

திங்கட்கிழமை காலை லாரியில் சோடா மூட்டைகள் வந்து இறங்கின. பழைய கலவையில் முதல் சரக்கைப் போடச் சொன்னார்கள். போட மாட்டேன் என்று நான் ஒதுங்கி நின்றேன்; ராம்கியே ஆட்களை வைத்துக் கலந்துவிட்டான். ராஜினாமாவை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். நான் போய்விட்டால் சோடா அங்கேயே குடியிருக்கும் என்பதும் கூடவே உறைத்தது.

பத்து மணிக்கு ஹாஜா மைதீன் சரக்கு எடுக்க வந்தார். புதிதாக எது வந்தாலும் ஒரு பாக்கெட்டைப் பிரித்துத் தன் கையில் போட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். போட்டார். தண்ணீர் விட்டார். மூடிய கையை உடனே திறந்து சட்டையில் துடைத்தார். நேராக முதலாளி அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"மொதலாளி, இது பழைய தூளு."

"சூடு வருதுல்ல பாய்?"

"வருது. எனக்கு வேணாம். வேற ஆளப் பாத்துக்கங்க."

நடராசன் எழுந்தே விட்டார். "பாய், என்ன பேசுறீங்க? நீங்க இல்லாம யாரு விப்பா?"

பாய் வலது கையை நீட்டினார். உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்து, புதுத் தோல் மூடிய தழும்பு. "ஒவ்வொரு சந்தையிலயும் மொத சிட்டிகை என் கையிலதான் மொதலாளி. தொழுவப் போறப்ப கை கழுவினாக்கூட எரியும். தங்கச்சி போட்ட தூளுலதான் ஆறுச்சு. திரும்ப என்னால முடியாது."

நடராசன் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அய்யய்யோ! இவ்வளவு நாளா ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"எல்லாருக்கும் இருக்கிறதுதானே மொதலாளி. பேக்கிங்குல இருக்கிற பொண்ணுங்களுக்கு என்னைவிட மோசம்."

அந்த இரண்டாவது வாக்கியம் அறையில் யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. நடராசன் என் பக்கம் திரும்பினார். முகத்தில் உண்மையான கோபம்.

"ஏம்மா, எம்.எஸ்ஸி. படிச்சவதான நீ? ஒரு மனுஷன் கை இப்படி ஆகுற வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டு இருந்த?"

"படம் காட்டிக்கிட்டு இருந்தேன் சார். ரெண்டு தடவ."

"அது பொம்பளைங்க கை."

"ஆமா சார்."

"அதான் சொல்றேன். இத நீ மொதல்லயே சொல்லியிருக்கணும்!"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். எனக்காக அவர் வெட்கப்பட்டார் என்று நினைக்கிறேன். வேறு யாரும் வெட்கப்படவில்லை. சியோலைட் ஃபார்முலாவே இனி நிரந்தரம் என்று அப்போதே முடிவானது; சோடா திரும்பிப் போகட்டும். விலை ஜாஸ்தி என்ற பேச்சே எழவில்லை. ராம்கி அங்கேயே ஒரு புது வாசகம் யோசித்தான்: 'ஆண்களின் கைகளுக்கே பாதுகாப்பு!'

"போடுங்க சார்," என்றேன். "அதப் படிக்க ஒரு ஆம்பள பாக்கெட்டக் கையில எடுத்தா சரிதான்."

நான் கேட்டது அத்தனையும் கிடைத்துவிட்டது. வெளியே வந்தேன். லாரி இன்னும் வாசலில் நின்றது. சோடா மூட்டைகளைத் திருப்பி ஏற்றச் சொன்னேன். டிரைவர் அண்ணன் பீடியை எறிந்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"ஏன் தங்கச்சி, சரக்கு மோசமா?"

"சரக்குல குத்தமில்லண்ணே," என்றேன். "ஆம்பளைக்கு ஒத்துக்கல."