கூட வேற யாரு?

2001 பிப்ரவரி. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக, விதுரைக்கு மேலே மலையில் உள்ள போனக்காடு எஸ்டேட்டுக்கு வந்த ரெனி டீச்சருக்கு, ரத்னாபாயின் வீட்டில் பொறுமை போய்விட்டது. தேயிலை கிள்ளும் அந்த அம்மாள், திருப்பூருக்குப் போய்விட்ட மகன் சஜினையும் எழுதியே ஆக வேண்டும் என்று நின்றாள்.

“இந்த மாசம் ஒரு ராத்திரியாவது இங்க கிடந்தானா?”

“இல்ல டீச்சரே. ஈஸ்டருக்கு வருவான்.”

“அப்போ எழுத மாட்டேன். அங்க எழுதுவாங்க.”

“குடோன்ல கிடக்கவன யாரு எழுதுவா? வீடு எங்கன்னு கேப்பாவ, போனக்காடும்பான். நீங்க இங்க இல்லேங்கீங்க. பின்னே எம்புள்ள எங்கதான் இருக்கான்?”

ரெனி படிவத்தில் மொத்தம் ஒருவர் என்று எழுதினாள்.

“உங்கள எங்க எழுதினாவ?”

பேனா நின்றது. பாறசாலையில் சொந்த வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர்களிடம் அப்பா நேசையன், மகள் விதுரையில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லிவிட்டார். விதுரையில் அவள் வாடகைக்கு இருந்த அறைக்கு, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ஷாஜி சார் கணக்கெடுக்க வந்தபோது அவள் மலையில் பிறரை எண்ணிக்கொண்டிருந்தாள். “அவளுக்கு சொந்த வீடு உண்டு” என்று வீட்டுக்காரி அவரை அனுப்பிவிட்டாள்.

அன்று மாலையே ஷாஜி சாரிடம் போய், தன்னை ஏன் எழுதவில்லை என்று சண்டை போட்டாள். அவர் சிரித்தபடி புதிய படிவம் எடுத்தார்.

“தனியாத்தானே சமையல்? அப்போ நீ தனிக் குடும்பமாக்கும். தலைவர் யாரு?”

“நான்தான் சாரே.”

“கூட வேற யாரு?”

நூறு வீட்டில் அவள் கூசாமல் கேட்ட கேள்வி அது. இப்போது, யாரும் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.